பால் நிலையத்தில் ஒரு மறுப்பு: நிகழ்வு ஆய்வு

சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்துடன் எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன். நான் கூட்டுறவு அமைப்புகளின் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பவள். இந்த நிகழ்வில் என்னுடைய பிழையும் உண்டு, அதையும் மறைக்கவில்லை.

பின்னணி

கிளிநொச்சிக்கும் மாங்குளத்துக்கும் இடையில், ஏ-9 வீதியிலிருந்து கிழக்கே உள்ளே போகும் ஒரு கிரவல் வீதியில் அந்தப் பால் சேகரிப்பு நிலையம் இருக்கிறது. கால்நடை வளர்ப்போரின் கூட்டுறவுச் சங்கம் ஒன்று அதை நடத்துகிறது. காலை ஐந்தே முக்காலுக்குக் கதவு திறக்கும். சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் கான்கள் வந்திறங்கும். ஒன்பது மணிக்குள் எல்லாம் குளிரூட்டும் தாங்கிக்குள் போய்விட வேண்டும். பிற்பகலில் பாலை வாங்கும் கம்பனியின் பவுசர் (பால் ஏற்றும் தாங்கி லொறி) வரும். பாலின் கொழுப்பையும் கொழுப்பற்ற திண்மத்தையும் அளந்துதான் கம்பனி விலை போடும்.

நிலையத்தில் முகாமையாளர், எழுதுவினைஞர், பரிசோதகர், கழுவித் துடைக்க ஓர் உதவியாளர் என்று நான்கு பேர் வேலை செய்கிறார்கள். இந்த ஆய்வு பரிசோதகரைப் பற்றியது. 2023இல் அவருக்கு 26 வயது. உயிரியல் பிரிவில் உயர்தரம் படித்தவர். 2009இல் பன்னிரண்டு வயதுச் சிறுமியாகக் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து, செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் இருந்து, அடுத்த ஆண்டு ஊர் திரும்பியவர். தகப்பன் இல்லை. வீட்டில் தாயும் தம்பியும் இரண்டு பசுக்களும்.

என்னை அழைத்த காரணம்

2023 தை மாதம் முகாமையாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். "பிள்ளை நல்ல பிள்ளை. ஆனால் வாய் திறக்காது. கொஞ்சம் தன்னம்பிக்கைப் பயிற்சி கொடுக்க முடியுமோ?" என்று கேட்டார். பிரச்சினை என்னவென்று விசாரித்தபோது, பவுசரில் நிலையத்தின் பால் தொடர்ந்து தரம் குறைந்து வருவதாகவும், கம்பனி விலையைக் குறைத்துவிட்டதாகவும், பரிசோதகர் ஒழுங்காகப் பாலைப் பார்ப்பதில்லை என்றும் சொன்னார். அந்த நட்டத்தில் ஒரு பங்கை ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதமும் பரிசோதகரின் சம்பளத்தில் வெட்டியிருக்கிறார்கள் என்பதை அவர் எனக்குச் சொல்லவில்லை. அது பிறகுதான் தெரிய வந்தது.

இரண்டு காலைகளில் கண்டது

பயிற்சிக்கு முன்னர் இரண்டு நாள் அதிகாலையில் போய் வாங்கில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரும்பாலான கான்களுக்கு வேலை ஒழுங்காக நடந்தது. கிண்ணியால் கலக்கி, உருளைக்குள் பாலை ஊற்றி, பாலின் அடர்த்தியைக் காட்டும் லக்ரோமீற்றர் என்ற மானியை மிதக்க விட்டு, எண்ணைப் பார்த்து எழுதினார். தண்ணீர் கலந்தால் அந்த எண் குறையும். நிலையத்தின் விதி, 26க்குக் குறைந்தால் ஏற்கக்கூடாது என்பது. ஆனால் ஒரு பெரிய கானுக்கு மட்டும் வேறு விதி. ஊரில் மரியாதைக்குரிய ஒரு முதியவருடைய பட்டியிலிருந்து கூலியாள் ஒருவன் கொண்டுவரும் கான் அது. மானி 20இல் நின்றது. பரிசோதகர் எழுதுவினைஞரைப் பார்த்தார். எழுதுவினைஞர் தலையை நிமிர்த்தாமலே "இருபத்தேழு" என்றார். பரிசோதகர் 27 என்று எழுதினார். மறுநாளும் இதேதான்.

இரண்டாவது நாள் கண்ட இன்னொரு காட்சி என்னைக் கூடுதலாக உறுத்தியது. பக்கத்து ஒழுங்கையிலிருந்து கணவனை இழந்த ஓர் அம்மா மூன்று லீற்றர் பால் கொண்டு வந்திருந்தார். மானி 25 காட்டியது. "தண்ணீர்ப் பால். கொண்டு போங்கள்" என்று பரிசோதகர் முகத்தைப் பாராமல் சொன்னார். அந்த அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அடுத்த கானின் மூடி திறந்துவிட்டது.

வாய் திறக்காத பிள்ளை என்று எனக்குச் சொன்னது பாதிதான். மேலே இருப்பவர்களிடம் திறக்காத வாய், கீழே இருப்பவர்களிடம் வெடுக்கென்று திறந்தது. எனக்கு இது புதிதல்ல. மேலே சொல்ல முடியாமல் விழுங்கியது எங்கேயாவது வெளியே வரத்தான் செய்யும், அதுவும் எதிர்த்துக் கேட்க முடியாதவர் மேல்தான் வரும்.

முதல் முடிவு, அது தவறிப்போன விதம்

இத்தனையும் பார்த்த பிறகும் நான் செய்தது வழக்கமான வேலையைத்தான். மாசி மாதம் கிளிநொச்சி நகரில் அரைநாள் பட்டறை வைத்தேன். பல நிலையங்களிலிருந்து பதினான்கு பேர் வந்தார்கள். அடங்கிப் போவது, பாய்வது, உறுதியாகப் பேசுவது என்று மூன்று கதிரைகளைப் போட்டு நடிக்க வைத்தேன். நிமிர்ந்து நில்லுங்கள், கண்ணைப் பார்த்துப் பேசுங்கள், "நான் இப்படி உணர்கிறேன்" என்று தொடங்குங்கள் என்றேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. பால் நிலையத்தில் நின்று "நான் இப்படி உணர்கிறேன், ஐயா" என்று தமிழில் யார் சொல்வார்? வயதில் மூத்தவரின் கண்ணை நேராகப் பார்த்து மறுப்பதை எங்கள் ஊர்களில் துணிவு என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. வளர்ப்புச் சரியில்லை என்றுதான் சொல்வார்கள்.

பரிசோதகர் கருத்துப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் "மிக நன்று" போட்டிருந்தார். அதுவும் ஒரு வகை அடங்கிப் போதல்தான். எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அவர் நான் சொன்னபடி செய்து பார்த்தார். கூலியாளிடமல்ல, அன்றைக்குத் தற்செயலாக நேரில் வந்திருந்த முதியவரிடமே, கண்ணைப் பார்த்து, "உங்களுடைய பாலில் தண்ணீர் இருக்கிறது" என்றார். சுற்றிப் பத்துப் பதினைந்து பேர். "பிள்ளை, நான் மாடு வளர்க்கத் தொடங்கியபோது நீர் பிறந்திருக்கவில்லை" என்று சொல்லிவிட்டு முதியவர் கானை அப்படியே வைத்துவிட்டுப் போனார். முகாமையாளர் பரிசோதகரை உள்ளே கூப்பிட்டு ஏசினார். அன்றைய பாலுக்கும் 27 எழுதப்பட்டது. அதற்குப் பிறகு அவர் உருளையைக்கூட எழுதுவினைஞருக்குத் தெரியாதபடி திருப்பிப் பிடிக்கத் தொடங்கினார். என் பயிற்சியின் முதல் பயன் அது.

வீட்டு முற்றத்தில்

மன்னிப்புக் கேட்கத்தான் அவருடைய வீட்டுக்குப் போனேன். தாய் தேநீர் தந்துவிட்டு மாட்டுக் கொட்டிலுக்குள் போனார். வன்னியில் வேலை செய்யும் என் போன்றவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் மௌனமாக இருந்தாலும் அதைக் கொண்டுபோய் 2009இல் முடிச்சுப் போட்டுவிடுவோம். நானும் அப்படித்தான் பேச்சைத் தொடங்கினேன். முகாம் வாழ்க்கை, வரிசை, விசாரணை, வாசிக்காமலே கையெழுத்து வைத்த படிவங்கள். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"அதெல்லாம் இருக்கிறது, அக்கா. ஆனால் இது வேறு. எனக்கே அந்த மானியில் நம்பிக்கை இல்லை. ஒரு நாள் எங்கள் மாட்டை நானே கறந்து, உடனே நிலையத்துக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன். 25 காட்டியது. நான் ஒரு சொட்டுத் தண்ணீரும் விடவில்லை. பிறகு எப்படி நான் மற்றவர்களிடம் நிமிர்ந்து நின்று சொல்வது?"

அந்த முற்றத்தில் எனக்கு வெட்கமாக இருந்தது. நான் தன்னம்பிக்கைக் குறைவு என்று பெயர் வைத்தது, அளவில் பிழை இருக்கலாம் என்ற நேர்மையான சந்தேகம். அந்தச் சந்தேகம் சரியானதும்கூட. சம்பளத் துண்டையும் அன்றுதான் காட்டினார். ஊழியர் சேமலாப நிதிக்கான 8 வீதக் கழிவுக்குக் கீழே "ஏனையவை" என்று ஒரு வரி, அதில் ஒரு தொகை. அது என்னவென்று அவர் கேட்டதில்லை. சேமலாப நிதியோடு சேர்ந்த ஏதோ என்று முதல் மாதம் நினைத்தாராம். மற்ற இரண்டு மாதமும் தெரிந்துகொண்டே கையெழுத்து வைத்திருக்கிறார்.

வெப்பமானி

அந்த நிலையத்து லக்ரோமீற்றர் 60 பாகை பாரன்ஹீற்றில், அதாவது 15.5 பாகை செல்சியஸில், சரியான எண் காட்டும்படி செய்யப்பட்டது. பால் சூடாக இருந்தால் அடர்த்தி குறையும், மானி கூடுதலாகத் தாழும். பாரன்ஹீற்றில் ஒவ்வொரு பாகை கூடுவதற்கும் ஏறக்குறைய 0.1ஐக் கூட்டித் திருத்த வேண்டும். 30 பாகை செல்சியஸில் இருக்கும் பாலுக்கு 2.6 கூட்ட வேண்டும். 30 காட்டும் நல்ல பாலில் பத்து வீதம் தண்ணீர் விட்டால் மானி ஏறக்குறைய 27க்கு இறங்கும். ஆகவே வெப்பமானி இல்லாத நிலையத்தில், மடியிலிருந்து சூடாக வந்த சுத்தமான பாலையும் பத்து வீதம் தண்ணீர் கலந்து ஆறிய பாலையும் மானி வேறுபடுத்தாது.

நிலையத்தில் வெப்பமானி இருந்தது. உடைந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

யார் இதனால் பாதிக்கப்பட்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள். தூரத்திலிருந்து வரும் பால் வழியில் ஆறிவிடும். ஒழுங்கைக்கு அப்பால் இருந்து, கறந்த கையோடு வருபவரின் பால் சூடாக இருக்கும். அந்த விதவைத் தாயின் பால் 35 பாகையில் 25 காட்டியது என்றால் திருத்திய எண் 28.5. அது நல்ல பால். முதியவரின் கான் 27 பாகையில் 20 காட்டியது என்று வைத்துக்கொள்வோம். திருத்தினாலும் 22தான். கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு தண்ணீர்.

புதிய வெப்பமானிக்கு நான் காசு கொடுத்தேன். நிலையத்தில் கேட்டு, கூட்டம் வைத்து, தீர்மானம் எடுத்து வாங்க இன்னொரு மாதம் போயிருக்கும். திருத்த அட்டவணையைப் பரிசோதகரே தன் கையெழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினார். நுரை அடங்கும்வரை காத்திருப்பது, மிகச் சூடான பாலின் மாதிரியைத் தண்ணீர்ச் சட்டியில் வைத்து ஆற்றிய பிறகு பார்ப்பது என்று இரண்டு பழக்கங்களைச் சேர்த்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று வீடுகளில் அவர் கண்முன்னே பால் கறந்து, சுத்தமாக ஒருமுறையும் அளந்து விட்ட தண்ணீரோடு ஒருமுறையும் மானியை வைத்துப் பார்த்தார். சந்தேகம் இருந்தால் கொழுப்பைக் கேர்பர் முறையில் பார்க்கவும் முடிவாயிற்று. அந்தக் கருவியும் அங்கே தூசி படிந்துதான் கிடந்தது.

1977இல் உளவியலாளர் அல்பேட் பண்டூரா, தன்னால் முடியும் என்ற நம்பிக்கை நான்கு வழிகளில் வருவதாக எழுதினார். தானே செய்து வென்ற அனுபவம், தன்னைப் போன்றவர் செய்வதைக் காண்பது, பிறர் ஊக்கச் சொல், உடலின் படபடப்பு அடங்குவது. இவற்றில் முதலாவதே வலிமையானது என்றார். என் பட்டறை முழுவதும் மூன்றாவதில் நின்றது. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் முதலாவது தொடங்கியது.

சொல்லைத் தேடியது

அடுத்தது எப்படிச் சொல்வது என்பது. முதியவரைப் பரிசோதகர் "பெரியப்பா" என்று அழைப்பவர். இரத்த உறவு அல்ல, ஊர் உறவு. ஆனால் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு ஒவ்வொரு வைகாசியும் தன் வாகனத்தில் இவர்கள் குடும்பத்தையும் ஏற்றிப்போகிறவர். "ஐயா" என்று மாற்றிக் கூப்பிட்டால் மறுப்பது சுலபமாகலாம் என்று ஒரு யோசனை சொன்னேன். அவர் உடனே மறுத்தார். அதுதான் அவர் எனக்குச் சொன்ன முதல் மறுப்பு. "பெரியப்பா என்று கூப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் சண்டைக்கு நிற்கிறேன் என்று அர்த்தமாகிவிடும்" என்றார். அவர் சொன்னதுதான் சரி.

பிறகு வினைச்சொல். "எழுத மாட்டேன்" என்றால் அது என் விருப்பம், இன்னும் வற்புறுத்தலாம். "எழுதக்கூடாது" என்றால் பெரியவருக்கு நான் சட்டம் சொல்வதாகிவிடும். ஊரில் எல்லோரும் சொல்லும் "ஏலாது" மென்மையாகவும் இருக்கிறது, இடமும் கொடுக்காது. கடைசியில் நின்ற வாக்கியம் இதுதான்: "பெரியப்பா, திருத்திப் பார்த்தால் 22 வருகிறது. 27 என்று எழுத எனக்கு ஏலாது. நின்று பாருங்கள், திரும்ப வைக்கிறேன்."

பாலில் தண்ணீர் இருக்கிறது என்ற குற்றச்சாட்டு அதில் இல்லை. எண் மட்டும் இருக்கிறது. எதிரில் இருப்பவர் என்ன சொன்னாலும் குரலை உயர்த்தாமல் இதையே திருப்பிச் சொல்வது, புதிய காரணம் எதுவும் சேர்க்காமல் இருப்பது என்று பழகினோம். காரணத்தை அடுக்க அடுக்க, பிடித்து உலுப்ப எதிராளிக்குக் கொப்புகள் கூடுகின்றன. முற்றத்தில் தாய்தான் முதியவராக நடித்தார். அவர் அளவுக்கு மீறி நன்றாக நடித்தார். அந்தக் குரலையும் செருமலையும் கேட்டு மகள் இரண்டு முறை சிரித்துவிட்டு, மூன்றாவது முறை அழுதார். அன்று பழக்கத்தை நிறுத்திவிட்டு மறுநாள் தொடர்ந்தோம்.

சபையில்

ஒரு பெண்ணின் வாயை மட்டும் பழக்கி அனுப்பினால், முதல் நாளே மாசி மாதத்துக் கதை திரும்பும். ஆகவே பணிப்பாளர் சபையிடம் மூன்று விடயங்களைக் கேட்டோம். அளவு எண் பண்ணையாளரின் முன்னால் மையினால் எழுதப்பட வேண்டும். அதை மாற்றுகிறவர் தன் கையெழுத்தை அருகில் இட வேண்டும். சம்பள வெட்டு நிற்க வேண்டும், வெட்டியது திரும்ப வேண்டும். முதல் இரண்டையும் நான் பேசினேன். மூன்றாவதை அவர் பேசுவதாக ஏற்பாடு. எழுந்து நின்றார், சம்பளத் துண்டை மேசையில் வைத்தார், "இந்த வரி என்ன?" என்று கேட்டார். அவ்வளவுதான். அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. தொழிலாளியின் சம்மதமில்லாமல் நினைத்தபடி சம்பளத்தில் வெட்ட முடியாது என்றும், தேவைப்பட்டால் தொழில் அலுவலகத்தில் விளக்கம் கேட்பேன் என்றும் நான் சேர்த்துச் சொன்னேன்.

முகாமையாளருக்கும் ஒரு பக்கம் இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். நிலையத்தின் வேலிக்கும் கிணற்றுக்கும் காசு கொடுத்தவர் அந்த முதியவர். தினமும் வரும் பாலில் கணிசமான பங்கு அவருடையது. அவர் கோபித்துக்கொண்டால் தாங்கி அரைவாசியில் நிற்கும். முகாமையாளருக்கும் யாரிடமும் "ஏலாது" சொல்லத் தெரியவில்லை. பயிற்சி தேவை என்று அவர் சுட்டிய விரல் தவறான ஆளை நோக்கி நீண்டிருந்தது.

பங்குனிக் காலை

நான் அன்று அங்கே இல்லை. பரிசோதகரும் உதவியாளரும் சொன்னதைத் தருகிறேன். கூலியாள் கானைக் கொண்டு வந்தான். திருத்திய எண் 22. பரிசோதகர் எழுதிவிட்டு அவனிடம் காட்டினார். அவன் தொலைபேசியில் பேசினான். பத்து நிமிடத்தில் மோட்டார் சைக்கிள் வந்தது. வாக்கியத்தை அவர் மூன்று முறை சொன்னார். கால்கள் நடுங்கியதால் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றதாக அவரே சொன்னார். இரண்டாவது முறை வெப்பமானியை முதியவரின் கையிலேயே கொடுத்தார். இது பழகாத ஒன்று, அவரே அந்த நேரத்தில் கண்டது. முதியவர் வெப்பமானியைப் பார்த்தார், சுவரிலிருந்த அட்டவணையைப் பார்த்தார், கூலியாளைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் கானைத் தூக்கிக்கொண்டு போனார்.

எழுதுவினைஞர் தலையை நிமிர்த்தவேயில்லை.

பின்விளைவு

மூன்று நாள் அந்தப் பட்டியிலிருந்து பால் வரவில்லை. நான்காம் நாள் முதியவரே கொண்டு வந்தார். மானி, திருத்தத்துக்குப் பிறகு, 28 காட்டியது. கூலியாளைப் பிறகு பட்டியில் காணவில்லை. யார் தண்ணீர் விட்டார் என்று இன்றுவரை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பவுசரில் வெட்டு விழுவது சில வாரங்களில் நின்றது. அதில் எவ்வளவு பங்கு இந்த மாற்றத்தால், எவ்வளவு பங்கு அறுவடை முடிந்து மாடுகள் வயலில் நன்றாக மேய்ந்ததால் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

விலையும் இருந்தது. அந்த வைகாசி வற்றாப்பளைப் பொங்கலுக்கு வாகனம் அவர்கள் வாசலில் நிற்கவில்லை. பஸ்ஸில் போனார்கள். தாய் அதைப் பற்றி மகளைக் குறை சொல்லவில்லை, ஆனால் வழி முழுக்கப் பேசவும் இல்லையாம்.

விதவைத் தாயின் வீட்டுக்குப் பரிசோதகர் தானாகவே போனார். பதிவேட்டில் பார்த்து, நான்கு நாள் தவறாகத் திருப்பி அனுப்பியதாகச் சொன்னார். "அந்தப் பாலை அன்றைக்கே மோராக்கிக் குடித்துவிட்டோம். இனிமேல் ஒழுங்காகப் பாரும்" என்று பதில் வந்தது.

ஏழு மாதம் கழித்துப் போனேன். பால் மேசையில் அவர் வேறு ஆள். சிறு பண்ணையாளர்களிடம் காரணம் சொல்லி, மானியைக் காட்டிப் பேசுகிறார். ஆனால் எழுதுவினைஞர் தேநீர் கேட்டால் இன்னும் இவர்தான் எழுந்து போகிறார். சபைக் கூட்டத்தில் பேச்சே இல்லை. துணிவு ஓரிடத்தில் வந்தால் எங்கும் பரவும் என்று பயிற்சிப் புத்தகங்கள் சொல்வதை நான் இந்த நிகழ்வில் காணவில்லை. தான் நன்றாக அறிந்த வேலையைச் சுற்றி மட்டும் அது வளர்ந்திருந்தது.

மறுபடி செய்வதானால்

பட்டறையை வைக்க மாட்டேன். முதல் நாளே மேசையில் உள்ள கருவிகளைப் பார்ப்பேன். வாங்கில் இருந்து ஆட்களைப் பார்த்த நான் உடைந்த வெப்பமானியைப் பார்க்கவில்லை. முதியவரை முன்கூட்டியே தனியாகச் சந்தித்து அட்டவணையைக் காட்டியிருப்பேன். பத்துப் பேர் முன்னால் அவருக்கு முகம் போகாமல் இதே முடிவு கிடைத்திருக்கலாம், வாகனமும் வாசலில் நின்றிருக்கலாம். மறுப்பதற்கு என்ன விலை வரக்கூடும் என்பதைப் பரிசோதகரோடும் தாயோடும் வெளிப்படையாகப் பேசி, அதற்குப் பிறகும் வேண்டுமா என்று கேட்டிருப்பேன். நான் கேட்கவில்லை. அது என் உரிமை அல்லாத ஒரு முடிவை நான் எடுத்ததற்குச் சமம்.

வெட்டிய சம்பளத்தில் இரண்டு மாதத்துக்குரியதைச் சங்கம் திருப்பிக் கொடுத்தது. ஐப்பசி மாதத்துக்குரியது பரிசீலனையில் இருப்பதாகக் கடிதம் வந்தது. அதைக் கேட்டு இரண்டாவது கடிதத்தை அவரே எழுதினார். என்னிடம் காட்டவில்லை, அனுப்பிய பிறகுதான் சொன்னார். நான் கடைசியாக விசாரித்த வரை பதில் வரவில்லை.